மேட்டில் நிற்கும் கௌதாரி

மலை சானடோரியம்,
மே 28, 1974

அன்புத் தங்கை ருக்ஸோராவுக்கு அண்ணன் நெமத்தின் சலாம். நான் இங்கே எழுந்து நடக்கும் அளவுக்கு நலம். நீயும் வீடும் திராட்சைப் பந்தலும் பயில்வானும் நலந்தானா?

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? போன வாரம் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். வலது நுரையீரலில் இருக்கும் குழி அப்படியே இருக்கிறது. இரண்டு மாதமாகப் போட்ட ஊசியில் என் இடுப்புதான் சல்லடை ஆயிற்று. டாக்டர் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அக்டோபர் வரைக்கும் பாப்போம். மூடலேன்னா கீறித்தான் ஆகணும்" என்றார். "கீறினா லாரி ஓட்டலாமா?" என்று கேட்டேன். "மொதல்ல உசுரோட இருங்க. லாரி எங்கயும் போயிடாது" என்றார்.

பயில்வானைக் கூண்டோடு வெயில் ஏறுவதற்குள் பந்தலுக்கு மாற்றிவிடு. தினையோடு கீரையும் பொடியாக அரிந்து போடு. இருபது கௌதாரி முட்டையில் பொரித்தது அவன் ஒருவன்தான் என்பது உனக்குத் தெரியும். கோழிக்கு அடியில் வைத்துப் பொரித்து, என் சட்டைக் கைக்குள் வைத்து வளர்த்தவன். காலையில் அவன் கூவாமல் எனக்கு டீ இறங்குவதில்லை. இங்கே டீயும் தண்ணீர், காலையும் ஊமை.

உடம்பைப் பார்த்துக்கொள். அக்கம்பக்கத்தாருக்கு என் சலாம் சொல்.

உன் அண்ணன்,
நெமத்


ஊராதெப்பா,
ஜூன் 14

மதிப்புள்ள அண்ணனுக்கு ருக்ஸோராவின் சலாம். நான் நலம். உங்கள் நலத்தை ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதம் எட்டாம் தேதி வந்தது. படித்துவிட்டு அன்று தொழிற்சாலைக்குப் போகவில்லை. "ஆப்ரிகாட் ஒரு நாள் காயலேன்னா ஒண்ணும் கெட்டுப் போகாது" என்று மேஸ்திரியிடம் சொல்லி அனுப்பினேன். மறுநாளே உங்களுக்காக ஒன்று செய்தேன். என்ன என்று கேட்காதீர்கள். சொன்னால் பலிக்காதாம். யாரும் உங்களைக் கீறப் போவதில்லை. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயில்வானைப் பற்றிக் கவலை வேண்டாம். நல்ல இடத்தில் இருக்கிறான்.

பக்கத்து வீட்டு சலோமத் அக்கா உங்களுக்கு ஒரு பை உலர்ந்த மல்பெரி கொடுத்திருக்கிறார். உங்கள் டிப்போ லாரியில் வரும். அறைக்காரர்களுக்கும் கொடுத்துச் சாப்பிடுங்கள்.

தங்கை ருக்ஸோரா


மலை சானடோரியம்,
ஜூன் 30

ருக்ஸோராவுக்கு அண்ணனின் சலாமும் வாழ்த்தும். நலம். மல்பெரி வந்தது. அறைத் தோழர் ஹைதர் வாத்தியார் பாதியை உட்கார்ந்த இடத்திலேயே முடித்தார். மனுஷனுக்கு நுரையீரல் ஒன்று, வயிறு இரண்டு.

இங்கே ஒரு சண்டை நடக்கிறது. செவ்வாய்க்கிழமை கொதிகலன் கொட்டகைக்குப் பின்னால், கரிக்குவியல் ஓரம் ஒரு கௌதாரி நின்றுகொண்டிருந்தது. மலைமேல் கௌதாரி நிற்பதில் என்ன அதிசயம் என்று எல்லோரும் சொன்னார்கள். வாத்தியார், "புலாவுச் சோத்துக்குன்னு தானாவே நடந்து வந்திருக்கு" என்றார். நான் உற்றுப் பார்த்தேன். மூன்று அடி நடந்தது, திரும்பியது. மறுபடி மூன்று அடி, மறுபடி திரும்பியது. அவ்வளவு பெரிய மலை எதிரே கிடக்கிறது. இதுவோ கூண்டு அளவுக்குத்தான் நடக்கிறது. வால் இறகு நுனியெல்லாம் கூண்டின் வில்லோ மரக் குச்சியில் உரசித் தேய்ந்திருக்கிறது. நம் பயில்வானைக் கூப்பிடுவது போல டீக் கெண்டியின் மூடியைத் தட்டினேன். ஓடி வந்து என் செருப்பின் மேல் ஏறி நின்றது.

எலும்பும் தோலும். இரைப்பை காலிச் சுருக்குப்பை. தரையில் கிடந்த விதையைக்கூடக் கொத்தத் தெரியாமல் என் கையையே பார்க்கிறது. வீட்டுப் பறவை தப்பி வந்திருக்கிறது, அல்லது எந்தக் கழுதையோ திறந்து விட்டிருக்கிறது. ஒரு நர்ஸ் புண்ணியம் என்று நினைத்து அதை மேட்டுக்குக் கொண்டுபோய் விட்டாள். சாயங்காலம் திரும்பி வந்து கரிக்குவியலில் நிற்கிறது!

டாக்டர் அம்மா, "நுரையீரல் வார்டுல பறவை கூடவே கூடாது" என்று கத்தினார். கொதிகலன்காரன் எகோரிடம் விட்டிருக்கிறேன். இதன் சொந்தக்காரனைக் கண்டுபிடிக்காமல் ஓயமாட்டேன். எங்கேயோ ஒருவன் வெறுங்கூண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பயில்வான் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரிக்கு மேல் எழுது.

நெமத்


ஊராதெப்பா,
ஜூலை 16

மதிப்புள்ள அண்ணனுக்கு சலாம். நலம், உங்கள் நலம் வேண்டுகிறேன்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சும்மாதான் கேட்கிறேன். மலைப் பறவை மலைக்குப் போனால் பழகிக்கொள்ளாதா? இரத்தத்தில் ஊறியது வராதா? காட்டுக் கௌதாரிகள் கூப்பிட்டால் போய்ச் சேர்ந்துகொள்ளாதா? ஒரு மாதம் வெளியே இருந்த பறவைக்கு முதலில் என்ன கொடுக்க வேண்டும்? எகோர் பறவைக்குத்தான் கேட்கிறேன். உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் எழுதுங்கள்.

பயில்வான் தினை தின்கிறான். கொஞ்சம் இளைத்திருக்கிறான். வெயில் அல்லவா.

ஊசியை ஒரு நாளும் தவறவிடாதீர்கள்.

ருக்ஸோரா


மலை சானடோரியம்,
ஜூலை 29

ருக்ஸோராவுக்கு சலாம். நலம், அதுவும் முன்னைவிட நலம். புதுப் படத்தில் குழியின் விளிம்பு சுருங்கியிருக்கிறதாம். டாக்டர் அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். அவருக்கு ஒரு தங்கப்பல் இருப்பது இப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

நீ கேட்டதற்குப் பதில். பழகாது. கோழியின் அடியில் பொரித்த கௌதாரிக்கு, எந்த நிழல் பருந்து, எந்தக் கல்லுக்கு அடியில் எறும்பு முட்டை, குளிர்காலத்தில் எந்தச் சரிவில் பனி தங்காது என்று சொல்லித்தர யாருமில்லை. காட்டுக் கூட்டம் அதைச் சேர்க்காது, கொத்தி விரட்டும். எகோர் பறவையின் மண்டையில் அந்தத் தழும்பு இருக்கிறது. மனுஷனைக் கண்டால் ஓடி வரும். மனுஷனைக் கண்டால் ஓடி வருகிற கௌதாரி மலையில் எத்தனை நாள் இருக்கும், நீயே சொல்.

முதலில் ஊறவைத்த தினை, கொஞ்சமாக. வேகவைத்த முட்டையை மசித்து ஒரு கரண்டி. ஒரு சிட்டிகை ஆற்று மணல். தண்ணீர் ஆழமில்லாத கிண்ணத்தில். பிடிப்பதென்றால் துரத்தவே கூடாது. பழகிய கூண்டைத் திறந்து வைத்து, பழகிய சத்தத்தைக் கொடுத்து, நீ திரும்பி உட்கார்ந்துகொள்ள வேண்டும். அதுவே நுழையும்.

கீழ்க் கிராமத்து ரொட்டிக் கடையில் சீட்டு ஒட்டினேன்: "கௌதாரி கிடைத்திருக்கிறது. அடையாளம் சொல்பவர் கொண்டுபோகலாம்." இதுவரை நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் சொன்ன அடையாளம், சிவப்பு அலகு! சிவப்பு அலகு இல்லாத கௌதாரி எங்கே இருக்கிறது? பசியில் வந்த பயல்கள். எகோர் கரி மண்வெட்டியோடு வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

பயில்வான் காலையில் எத்தனை தடவை கூவுகிறான்? எண்ணி எழுது.

நெமத்


ஊராதெப்பா,
ஆகஸ்டு 21

மதிப்புள்ள அண்ணனுக்கு சலாம். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். ஆப்ரிகாட் குவிந்து கிடக்கிறது. நலம்.

குழி சுருங்கிய செய்தியை சலோமத் அக்காவிடம் சொன்னேன். இரண்டு பேரும் வாசலிலேயே அழுதோம். ரொட்டி சுட்டு ஏழு வீட்டுக்குக் கொடுத்தோம்.

பயில்வான் தினமும் காலையில் இருபது தடவைக்கு மேல் கூவுகிறான்.

இன்னொன்று. எகோர் பறவை மாதிரி ஒன்றைப் பிடிக்காமல், இருக்கும் இடத்திலேயே தினமும் சாப்பாடு மட்டும் வைத்தால் அது குளிர்காலம் தாண்டுமா? பிடிக்க முடியாதபடி ஒரு காரணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ருக்ஸோரா


மலை சானடோரியம்,
செப்டம்பர் 2

ருக்ஸோராவுக்கு சலாம். நலம்.

எகோர் பறவைக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டார். கீழ்க் கிராமத்து நாவிதர் ஷோதி. மூன்று மலை தள்ளி மகள் வீட்டுக்குப் போயிருந்தவர், திரும்பி வந்து ரொட்டி வாங்கும்போது சீட்டைப் பார்த்திருக்கிறார். வந்ததும், "வலது கால்ல பின் நகம் இருக்காது. கத்தி தீட்டும்போது குறுக்க வந்துச்சு, போச்சு" என்றார். சரியாக இருந்தது. மகள் வீட்டுக்குக் கிளம்பும் முன் கூண்டைச் சுத்தம் செய்யும்போது பறந்ததாம். கூடவே கூண்டைக் கொண்டு வந்திருந்தார். தரையில் வைத்தார். அது நடந்து போய் உள்ளே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. அவ்வளவு பெரிய மீசைக்காரர், குழந்தை மாதிரித் தேம்பினார். எகோரும் மூக்கைச் சிந்தினான், கரித்தூசி என்று சொன்னான்.

இனி உன் விஷயம். ஆகஸ்டில் கௌதாரி இறகு உதிர்க்கும். அப்போது வாயைத் திறக்காது. இருபது வருஷமாக வீட்டு வாசலில் கூண்டு தொங்குகிறது, உனக்கும் இது தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே.

நீ கேட்டதற்குப் பதில்: தாண்டாது. சாப்பாடு மட்டும் வைத்துவிட்டு வந்தால் நரிக்காகக் கொழுக்க வைக்கிறாய் என்று அர்த்தம்.

ருக்ஸோரா, நம் கூண்டில் என்ன இருக்கிறது?

நெமத்


ஊராதெப்பா,
அக்டோபர் 3

மதிப்புள்ள அண்ணனுக்கு சலாம். உடம்பு நலம். மனசு நலமில்லை.

கூண்டு வெறுமையாக இருக்கிறது. எந்தக் கழுதை திறந்து விட்டது என்று கேட்டீர்களே, அந்தக் கழுதை நான்தான்.

உங்களைக் கீறுவார்கள் என்று கடிதம் வந்ததும் சலோமத் அக்காவிடம் ஓடினேன். சந்தையில் ஒரு பறவை வாங்கி உங்கள் பேரில் பறக்க விடலாம் என்றேன். அக்கா, "சந்தையில வாங்கி விட்டா அது வியாபாரம்டி. உன் அண்ணன் கையால வளத்தது ஒண்ணு வாசல்ல தொங்குதே. உசுருக்கு உசுரு" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உங்களுக்கு மிகவும் பிடித்ததைக் கொடுக்காமல் எதைக் கொடுப்பது?

ஜூன் ஒன்பதாம் தேதி ஊருக்குப் பின்னால் மேட்டுக்குக் கூண்டைத் தூக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தேன். அவன் வரவில்லை. கவிழ்த்து உதறினேன். "போடா, போய் எங்க அண்ணனக் காப்பாத்து" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தேன். காட்டுப் பெட்டைகளோடு ராஜா மாதிரி இருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுடைய 'மூன்று அடி' கடிதம் வந்தது. அன்றே மேட்டுக்குப் போனேன். கோதுமை அடிக்கும் களத்தோரம் நின்றான். மூன்று அடி, திரும்பல். மூன்று அடி, திரும்பல். நெஞ்சு வெடித்துவிட்டது அண்ணா.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து போகிறேன். நீங்கள் எழுதிய எல்லாம் செய்கிறேன். தினை, முட்டை, மணல். என் காலைக் கண்டால் ஓடி வருகிறான். ஒரு நாள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டேன், தெரியாமல் தொட்டுவிடக் கூடாது என்று. கை வலித்தது. அவன் தூங்கி எழுந்து இறங்கும் வரைக்கும் அப்படியே இருந்தேன்.

நான் எப்படி எடுப்பேன்? அவனைக் கொடுத்து ஏழு வாரத்தில் உங்கள் குழி சுருங்கியது. கொடுத்ததைத் திரும்ப எடுத்தால், கிடைத்ததையும் திரும்பக் கேட்க மாட்டார்களா? திட்டுங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். இன்றைக்கு மறுபடியும் அதே கடிதம் வந்தாலும் கூண்டைத் திறப்பேன்.

ருக்ஸோரா


மலை சானடோரியம்,
அக்டோபர் 15

ருக்ஸோராவுக்கு சலாம். நலம்.

கோபத்தில் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது. என்னைக் கேட்காமல் என் பயில்வானைக் கொடுத்தது தப்பு. பெரிய தப்பு. அதை எழுதிவிட்டேன், அத்தோடு விட்டேன்.

என்னைக் கீறப் போவதில்லை. நேற்று டாக்டர் அம்மா சொன்னார். குழி மூடிக்கொண்டு வருகிறது, டிசம்பரில் வீட்டுக்குப் போகலாம். நீ பயில்வான் என்பாய், நான் நூற்றிருபது ஊசி என்பேன். நமக்குள் வழக்கு தீராது.

உன் நேர்ச்சை எனக்காக. அப்படியானால் அதில் எனக்கும் ஒரு சொல் உண்டு. நான் சொல்கிறேன்: எடு. வாத்தியாரிடம் யோசனை கேட்டேன். "நேந்தவ எடுத்தாத்தான குத்தம்? நேராதவ எடுக்கலாமே. பக்கத்து வீட்டம்மாவப் புடிக்கச் சொல்லு" என்றார். சலோமத் அக்கா கிளப்பிய வேலைதானே, அவரே பிடிக்கட்டும். ஆனால் பனிக்கு முன்னால். பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்று இருக்காதே. பறவையை வைத்துக்கொள், அல்லது சாக விடு. நடுவில் வேறு வழியில்லை.

அவன் அங்கே செத்தால், என் பேரில் ஒரு சாவு. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நான் மூச்சு விடவேண்டுமா? இந்த நெஞ்சில் அதற்கு இடமில்லை. இப்போதுதான் அடைத்திருக்கிறார்கள்.

நெமத்


மலை சானடோரியம்,
நவம்பர் 7

ருக்ஸோராவுக்கு சலாம். ஏன் பதில் இல்லை? இங்கே முழங்கால் அளவு பனி. இரண்டு நாளில் அங்கேயும் இறங்கும். நான் நலம் என்று எழுதினால் நம்புவதில்லை, அதனால் டாக்டர் அம்மாவையே கீழே ஒரு வரி எழுதச் சொன்னேன்.

நெமத்

'நோயாளி நலம். தங்கையிடமிருந்து கடிதம் வராததால்தான் காய்ச்சல் ஏறுகிறது. எழுதுங்கள்.'


ஊராதெப்பா,
நவம்பர் 19

மதிப்புள்ள அண்ணனுக்கு ருக்ஸோராவின் சலாம். டாக்டர் அம்மாவுக்கும் எகோருக்கும் வாத்தியாருக்கும் சலாம். நான் நலம், கால் விரல்கள் மட்டும் கொஞ்சம் மரத்துப் போயிருக்கின்றன.

வாத்தியார் சொன்னபடி சலோமத் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். நீங்கள் எழுதியபடி கூண்டைத் திறந்து வைத்து, டீ மூடியைத் தட்டச் சொன்னேன். அக்கா பொறுக்கவில்லை. சால்வையை விரித்துக்கொண்டு பாய்ந்தார். அவன் சிட்டாய்ப் பறந்துவிட்டான், அக்கா களத்துச் சேற்றில் விழுந்தார். "உன் அண்ணன் பறவைக்கும் உன் அண்ணன் மாதிரியே திமிரு" என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மூன்று தடவை முயன்றோம். நாலாவது நாள் நான் தனியாகப் போனேன், என் காலடியில் வந்து நின்றான். ஊரில் எல்லோரிடமிருந்தும் ஓடுகிறான், என்னிடம் மட்டும் வருகிறான். அதற்குப் பிறகு வாத்தியார் யோசனை எனக்குக் கசந்துவிட்டது. ஆள் மாற்றிப் பிடித்தால் ஏமாறுவதற்கு அல்லாஹ் என்ன சந்தைக்காரரா? எடுத்தால் நானே எடுக்கவேண்டும், தெரிந்தே எடுக்கவேண்டும். அதற்குத் தைரியம் இல்லாமல்தான் உங்களுக்கு எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டியது. திங்கட்கிழமை விடிந்ததும் மேட்டுக்குப் போனேன். நான் தினை வைக்கும் கல்லைச் சுற்றி நரியின் கால்தடம். ஒன்றல்ல, சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. மூடியைத் தட்டினேன். வரவில்லை. தட்டிக்கொண்டே மேலே ஏறினேன். ஒரு முட்புதருக்கு அடியில் இருந்தான். இறகெல்லாம் பனி ஒட்டி, கண்ணைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வரப் பார்த்தான். கால் ஒத்துழைக்கவில்லை.

அங்கேயே நின்றுகொண்டு சத்தம்போட்டுச் சொன்னேன். கேட்க யாருமில்லை, இருந்தாலும் சத்தமாகத்தான் சொன்னேன். "யா அல்லாஹ், நான் கொடுத்தத நானே எடுக்கிறேன். தெரிஞ்சே எடுக்கிறேன். கணக்கு வேணும்னா என்கிட்டக் கேளு. அவரத் தொடாத." சொல்லிவிட்டுக் குனிந்தேன். ஐந்து மாதம் தொடாமல் இருந்த கையால் அவனை அள்ளி எடுத்தேன். சட்டைக்குள், மார்போடு வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினேன். பாதி வழியில் அவன் கால் என் மேல் சூடாக அசைந்தது.

இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறான். முட்டை தின்கிறான். இடது கால் விரல் ஒன்று போய்விடும் போலிருக்கிறது. பிழைத்துக்கொள்வான்.

அண்ணா, இனி உங்களுக்குப் பதிலாக வெளியே யாரும் நிற்கவில்லை. நான் கொடுத்திருந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டேன், உங்களுக்கென்று அங்கே வேறொன்றும் வைக்கவில்லை. அதனால் நீங்களேதான் குணமாகவேண்டும். ஒரு ஊசியும் தவறக்கூடாது. ஒரு வாய் சூப்பும் மிச்சம் வைக்கக்கூடாது. வீட்டுக்கு வந்து என் எதிரே ஒரே ஒரு தடவை இருமினாலும், சத்தியமாகச் சொல்கிறேன், உங்களை நான் மன்னிக்கவே மாட்டேன்.

உங்கள் தங்கை,
ருக்ஸோரா